கம்பத்துக்குத் தலையாட்டத் தெரியாது

போன வாரம் காபி கிளப்பில் ஒரு வாசகர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

ரயில்வேயில் வேலை பார்க்கிறவர். என் வயதுதான் இருக்கும். தம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, "நீங்கதானே சார் பத்திரிகையில வாராவாரம் இங்கிலீஷ் அலங்காரங்களைப் பத்தி எழுதறவர்?" என்றார்.

ஆமாம் என்றேன். இந்தக் காஞ்சிபுரத்தில் என்னை இன்னார் என்று கண்டுபிடிக்கிறவர்கள் குறைவு. கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன்.

"சிமிலி எழுதினீங்க, மெடபர் எழுதினீங்க. இருக்கிறதைப் பெரிசாக்கிச் சொல்றதைப் பத்தி ஒரு வாரம் முழுக்க எழுதினீங்க. அப்பாஸ்ட்ரபியை மட்டும் உதவாதுன்னு ஒரே வரியில தள்ளிட்டீங்களே, ஏன் சார்?"

"உதவாதுதானே? நிலாவே, கடலே, செத்துப்போன ராஜாவே என்று பாட்டுக் கட்டுகிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நிலா திரும்பிப் பார்க்கிறதா?"

அவர் சிரிக்கவில்லை.

"எனக்குப் பிடிச்சதே அதுதான் சார்."

ஏன் என்று நான் கேட்பதற்குள் மீதிக் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஏன் என்று எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது.

என் படிப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் மூன்றாம் பாரத்தோடு சரி. அப்புறம் ரங்கூன் கப்பல்துறை, ஒரு டீத் தோட்டம், பல ஊர்ச் சத்திரங்கள். அலங்காரப் புத்தகம் கிடைத்தது வாலாஜாபாத் சந்தையில். கடலை மடிக்கக் கிழித்துக்கொண்டிருந்தவரிடமிருந்து மிச்சத்தை வாங்கினேன். முன்பக்கங்கள் ஏற்கெனவே கடலையோடு போய்விட்டதால் எழுதியவர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்தப் புத்தகம் அப்பாஸ்ட்ரபிக்கு என்ன சொல்கிறது? எதிரில் இல்லாத ஒருவரை, இருப்பவரைப் போல நினைத்து அழைத்துப் பேசுவது. உயிரில்லாத பொருளை அழைத்தாலும் அதே பெயர்தான். (எழுத்தின் தலையில் போடுகிற கீற்றுக்கும் இதே பெயர் உண்டு. அது வேறு விஷயம்.)

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம், நான் குடியிருக்கிற வீடு.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில், தறி போட்ட கூடத்தின் மூலையில், ஒரு பாய் விரிக்க எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஜவுளிக் கடைகளுக்கு வரும் இங்கிலீஷ் கடுதாசிகளைப் படித்துச் சொல்வது என் பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் அந்தப் பாய்தான். வீட்டில் அண்ணன் ஏகாம்பரம், அவர் மனைவி ருக்மணி, தம்பி வரதன். ஆக மூன்று பேர்.

பட்டுப்புடவையில் உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக வரவேண்டுமானால் ஒரு தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். நடுவில் உட்காருகிறவர் உடலை நெய்வார். பக்கத்தில் உட்காருகிறவர் கரைக்கு நூல் சுற்றிய தனி நாடா போடுவார். இரண்டு நூலும் சேருகிற இடத்தில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் கோர்வை. ஒருவர் ஒரு இழை முந்தினாலும் நடுவில் ஓட்டை விழுந்துவிடும். அண்ணன் உடல், தம்பி கரை. தோள் இடிக்கிற தூரம்.

அந்தத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

வரதனுக்கு வாலாஜாபாத்தில் பெண் பேசியிருந்தார்கள். அந்த வீட்டுக்கு ஒரே பெண். மாமனாருக்குச் சொந்தத் தறி. மாப்பிள்ளை அங்கேயே வந்து இருக்கவேண்டும் என்றார்கள். வரதன் சரி என்று சொல்லிவிட்டான், அண்ணனைக் கேட்காமல். அப்போது தறியில் ஓடிய பாவு, அதாவது நீளவாக்கில் பூட்டிய நூல், முடிந்ததும் கிளம்புவது என்று முடிவு. அன்றைக்கு நின்றது பேச்சு. பாவு முடிந்தால் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. அவன் போவானா, போனாலும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போவானா... அந்த வீட்டில் எல்லோர் மனசிலும் ஓடியது அதுதான்.

நான் குடிவந்த மறுநாள் காலையில் ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார்.

"ரைட்டரே, ஊரை விட்டுப் போறவனுக்குக் கரை நூலு தொய்ஞ்சு கெடக்கிறது எங்க கண்ணுல படப்போவுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் வரதனும் என் பக்கம் திரும்பினான்.

"ரைட்டர் அண்ணே, கண்ணு நல்லாத்தான் தெரியுது. பாவுக்குக் கஞ்சி போட்டவரைக் கேளுங்க."

"மழைக்காலம் இல்லையா? ஈரத்துக்கு நூல் தொய்யத்தான் செய்யும்," என்று நியாயம் சொன்னேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மூலையில் இருந்த தண்ணீர்ப் பானை பேசினால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி.

ருக்மணியம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தார். "நீங்க எதுக்கு ரைட்டரே பதில் சொல்றீங்க? உங்களை யாரு கேட்டாங்க? நீங்க வர்றதுக்கு முன்னாடி இந்தக் கம்பத்தோடதான் பேசிக்கினு இருந்தாங்க. கம்பத்துக்குத் தலையாட்டத் தெரியாது. நீங்க ஆட்டுறீங்க, அவ்ளோதான்."

சாடைப் பேச்சு என்பது நமக்குப் புதுசா? மாமியார் பூனையைத் திட்டினால் மருமகளுக்குப் புரியும். மருமகள் பாத்திரத்தைத் திட்டினால் தெருவுக்கே புரியும். புத்தகமோ, எதிரில் இல்லாதவரை இருப்பவராக நினைத்துக் கூப்பிடச் சொல்கிறது. இந்த வீட்டில் இருப்பவரை இல்லாதவராக ஆக்கிவிட்டு, நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள். இவ்வளவு வேலை செய்கிற பேச்சை வைத்துக்கொண்டு நிலாவைக் கூப்பிடுவானேன் என்று தோன்றியது. அதனால்தான் ஒரு வரியில் தள்ளினேன்.

எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? சத்திரத்தில் படுத்து எழுகிறவனை யார் கூப்பிடுவார்கள்? காலை நகர்த்து என்பார்கள், விளக்கை அணை என்பார்கள். இங்கே விடிந்ததிலிருந்து "ரைட்டரே", "ரைட்டர் அண்ணே". கூப்பிடுவது என்னை இல்லை என்று தெரியும். தெரிந்தும் கடைத்தெரு வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்துவிடுவேன். வந்து பாயில் உட்கார்ந்ததும் தறிச் சத்தத்தோடு பேச்சும் கிளம்பிவிடும்.

"ரைட்டரே, வாலாஜாபாத்துல அரிசி மில்லுதான் நெறைய. பட்டுக்கு நல்ல கண்ணு அங்க யாருக்கு கீது?"

"ரைட்டர் அண்ணே, அங்கயும் மனுசங்கதான் இருக்காங்கன்னு சொல்லுங்க."

நான் தலையாட்டுவேன். இரண்டு பக்கமும்.

பாவு முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அப்போது வடக்கேயிருந்து திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் கோயிலைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஊர்க்காரர்களுக்கு அவர்கள் பாஷை தெரியாது. நடுவில் இங்கிலீஷ் பேச என்னைக் கூட்டிப்போனார்கள். கூப்பிடு தூரந்தான். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. அங்கேயே ஒரு வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் மத்தியானம் திரும்பினேன்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. ஏகாம்பரம் கத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து இல்லை.

புடவையில் முந்தானை ஆரம்பிக்கிற இடம். அங்கே நூல் மாறும். மாறும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். ருக்மணியம்மாள் வாசலிலேயே என்னை நிறுத்தி நடந்ததைச் சொன்னார்.

"ரெண்டு பேரும் உங்க பாயைப் பார்த்து வாயைத் தொறந்தாங்க. பாய்தான் இருக்குது, ஆளைக் காணோம். மூடிக்கினாங்க. அவரு நூலை மாத்திட்டாரு, இவன் மாத்தலே. கம்பத்தையாவது கூப்பிட்டிருக்கலாம். பழக்கம் விட்டுப்போச்சு போல."

உள்ளே போனேன். உடலுக்கும் கரைக்கும் நடுவில் கோர்வை விட்டு, விரல் நுழைகிற ஓட்டை. இரண்டு பேரும் குனிந்து இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்துக்கினேதானே இருந்தே? வாயைத் தொறந்து சொல்லக்கூடாதா?" இது அண்ணன்.

"நீ கேட்டியா? தம்பின்னு ஒரு வார்த்தை கூப்பிட்டியா?"

"கூப்பிட்டா நிப்பியாடா?"

வரதன் கையிலிருந்த இழையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ருக்மணியம்மாள் கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"நிக்கமாட்டேண்ணே. ஆனா சொல்லிக்கினுதான் போவேன். பாவு முடியற அன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

ஏகாம்பரம் இன்னொரு இழையைப் பிரித்தார். பிறகு, "சரி. அந்த நூலைப் பிடி," என்றார்.

அவ்வளவுதான். சமாதானம் என்றால் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். நூலைத்தான் பிடித்தார்கள்.

அப்புறம் அந்த வீட்டில் ஓயாத பேச்சு. வாலாஜாபாத் மாமனார் எப்படி, தறி எத்தனை அகலம், பண்டிகைக்கு யார் வருவது, யார் போவது... எல்லாம் நேராகவே. ஒருநாள் பழக்கத்தில் நடுவில் "ஆமாம்" என்று தலையாட்டினேன். யாரும் பார்க்கவில்லை. ருக்மணியம்மாள் மட்டும் பார்த்தார்.

"இன்னா ரைட்டரே, வேலை போயிடுச்சா?" என்றார்.

சிரித்தேன். வேலை போவது எனக்குப் புதிதில்லை. ரங்கூனில் போயிருக்கிறது, டீத் தோட்டத்தில் போயிருக்கிறது. கம்பத்துக்குக் கிடைத்த வேலை போய் வருத்தப்பட்டது இதுதான் முதல் தடவை.

பாவு முடிந்தது. புடவையை அறுத்து எடுத்தார்கள். மறுநாள் காலை ரயிலுக்கு வரதன் கிளம்பினான். அண்ணன் காலில் விழுந்தான், அண்ணி காலில் விழுந்தான். தறியைத் தொட்டுக் கும்பிட்டான். நான் அவன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். வந்து என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனான்.

இதெல்லாம் நடந்து சில நாள் கழித்துத்தான் ரயில்வேக்காரரைக் காபி கிளப்பில் பார்த்தது. நிலா திரும்பிப் பார்க்கிறதா என்று நான் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டதும் அப்போதுதான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை, புதுப் பாவு. கரைப் பக்கம் ருக்மணியம்மாள் உட்கார்ந்தார். பழகாத கை, ஆனாலும் நாடா சரியாகவே போயிற்று. நான் பாயில் உட்கார்ந்து கடைக்காரர் ஒருவரின் இங்கிலீஷ் கடுதாசியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில், தறியிலிருந்து கண்ணை எடுக்காமலே ஏகாம்பரம் சொன்னார்:

"வரதா, நூலு தொய்யுது பாருடா."

சொன்னது அவருக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ருக்மணியம்மாள் அவரைத் திருத்தவில்லை. எட்டி நூலை இழுத்து இறுக்கினார். நாடா போயிற்று. தறி அடித்தது.

எதிரில் இல்லாத ஒருவரை, இருப்பவரைப் போல... புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் பார்த்தேன். இங்கிலீஷ்காரன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டான். இந்த அலங்காரம் எல்லோருக்கும் வராது. கூப்பிடுவதற்கு முன்னால், பக்கத்தில் இருந்துவிட்டுப் போன ஒருவர் வேண்டும். காபி கிளப் வாசகரே, உங்களுக்கு அது ஏன் பிடிக்கும் என்று இனி நான் கேட்கமாட்டேன். உங்களுக்கு யாரோ இருந்திருக்கிறார்கள்.

சாயங்காலம் கோயில் குளத்தங்கரைப் பக்கம் நடந்தேன். யாரும் இல்லை. நானும் ஒரு தடவை அந்த மாதிரி ஒரு பேரைச் சொல்லிப் பார்க்கலாம் என்று நின்றேன்.

வாயைத் திறந்த பிறகுதான் யோசித்தேன்... யார் பேரைச் சொல்வது?