பின்சீற்றுக்குக் கீழே கறள்

1992 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து இருபது. தூறல், வடகிழக்கிலிருந்து குளிர்காற்று. மகளுக்கு வலி தொடங்கிவிட்டது. நீர்வேலியிலிருந்து யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்கு ஆறு மைல். மருமகன் கொழும்பில். வீட்டில் நானும் மனைவியும், அவசரத்துக்கு மட்டும் கொட்டிலிலிருந்து எடுக்கும் என் பழைய காரும்.

அந்தக் காரின் அடித்தகட்டை நான் நம்பவில்லை. பின்சீற்றுக்குக் கீழே, இடப்பக்கம், ஒரு சாண் அகலத்துக்குத் திரும்பத் திரும்பத் துருவேறிக் கறள் பிடித்தது. மூன்று தடவை சாக்கை விரித்துக் காருக்கடியில் படுத்து, அரத்தாளால் தேய்த்து, சிவப்புப் பெயின்ற் பூசி, அதன்மேல் கழிவு ஒயிலும் இலுப்பெண்ணெயும் தடவினேன். மற்ற இடமெல்லாம் சுத்தம்; அந்த ஒரு சாண் மட்டும் உதிர்ந்தது. பெயின்ற் கலப்படம் என்று கடைக்காரரோடு வாக்குவாதப்பட்டேன். சீற்றின் ஆணிகள் இறுகியிருந்ததால் மேலே கழற்றிப் பார்க்கவில்லை.

யுத்தத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலம். கார் மண்ணெண்ணெயில் ஓடியது. தொடக்கிவிட மட்டும் சிறு போத்தலில் பெற்றோல். அன்று காரைத் தொடக்கியதிலேயே அதன் கடைசிச் சொட்டும் போய்விட்டது. வழியில் இன்ஜின் நின்றால் திரும்ப எழும்பாது.

மகளும் மனைவியும் பின்சீற்றில். கோப்பாய் தாண்டி, வெள்ளம் மூடிய குழியொன்றில் பின்சில்லு விழுந்தது. பின்னாலே தகரம் கிழியும் சத்தம்.

"அப்பா, கீழை றோட்டுத் தெரியுது" என்றாள் மகள். சீற்று அவளோடு சரிந்திருந்தது.

இன்ஜினை நிறுத்தாமல் இறங்கினேன். அது இருமி இருமி ஓடிக்கொண்டிருந்தது. மகள் கதவைப் பிடித்தபடி தூறலில் நிற்க, நான் சீற்றை இழுத்தேன். ஆணிகள் தகட்டோடு கழன்று வந்தன. அடியில் ஈரம் ஊறிய துணிப்பொட்டலம். அவிழ்த்தால் கல்லுப்பு, செத்தல் மிளகாய்.

"இதென்ன?"

"ஊரிலை ஓடுற கார் இது ஒண்டுதான்" என்றாள் மனைவி. "ஆக்கள் கண்பட்டு நாவூறு படாதோ? சீற்றுக்கை செருகி வச்சனான்."

"தகட்டிலை உப்பையோ வைக்கிறது?"

"நாவூறுக்கு உப்பில்லாமல் சீனியே வைக்கிறது?"

"பிள்ளை பிறக்கட்டும்" என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு. "பிறகு ரெண்டு பேரும் ஆறுதலாச் சண்டை பிடியுங்கோ."

ஜாக்குக்கு வைக்கும் பலகை டிக்கியில் கிடந்தது. அதை ஓட்டைக்குக் குறுக்கே, கறள் படாத இரண்டு பக்கச் சட்டங்களிலும் தாங்கும்படி வைத்து, மேலே சீற்றைப் போட்டேன். மனைவி மகளைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டாள். மிச்ச மூன்றரை மைலும் நான் கியரை இரண்டுக்கு மேலே மாற்றவில்லை; காது முழுக்கப் பலகையில்தான் இருந்தது. ஆசுபத்திரி வாசலில் தாதிமார் மகளை இறக்கியபோது இன்ஜின் தானாகவே நின்றது.

ஏழு பத்துக்குப் பேத்தி பிறந்தாள். நிறை ஆறு இறாத்தல்.

மின்சாரம் இல்லாததால் வெல்டிங் செய்ய வழியில்லை. பீப்பாய்த் தகரம் வெட்டி, றிவெற் அடித்து, இந்தமுறை மேலும் கீழும் பெயின்ற் பூசினோம். பேத்தியை அதே காரில்தான் கூட்டிவந்தோம். மனைவி புதுப்பொட்டலம் கட்டியிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. இறுக்கி மூடும் கண்ணாடிப் போத்தல் ஒன்று வாங்கி, அதற்குள் போடச் சொன்னேன். தகரம், றிவெற், பெயின்ற், எண்ணெய், கூலி, அந்தப் போத்தல் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.