பன்னிரண்டு கோடுகள்

மைசூன் டீச்சரை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஸல்த் ஊரில் ஒரு பேர் உண்டு. கணக்கு டீச்சர், தக்காளிக்காரரையே தராசைத் திருப்பி வைத்து நிறுக்கச் சொல்கிறவள். அவளே ஏமாந்தாள்.

வீடு மலைமேல். பள்ளிக்கூடம் ஆயிரம் மீட்டர் கீழே, ஆற்றுப் பள்ளத்தாக்கில். பஸ் வந்தால் வந்ததுதான். ஆகவே ஸர்கா நகரில் பழைய கார் விற்கும் அபூ தய்சீரிடம், பத்து வருஷம் ஓடிய மின்சாரக் கார் ஒன்றை வாங்கினாள். பேட்டரியின் ஆயுளைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளும் எரிந்தன. எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள். ஒன்பதாம் நாள் ஐந்து கோடுகளைக் காணோம்.

பேட்டரியின் ஞாபகத்தை அழித்துவிட்டால் அது தன்னைப் புதிது என்றே நம்பிக்கொள்ளும், ஒரு வாரத்தில் குட்டு வெளிப்படும் என்றான் தெருமுனை எலக்ட்ரீஷியன். நரைத்த தலைக்குச் சாயம் அடித்த கதைதான்.

மைசூன் விடவில்லை. மரத்தடியில் நிறுத்தி ஈரச்சாக்கு போட்டாள். முழுக்கச் சார்ஜ் ஏற்றாமல் பக்குவம் பார்த்தாள். இறங்கும்போது சமர்த்தாக இறங்கிய கார், ஏறும்போது கடைசி வளைவில் நின்றது. கூட வந்த இரண்டு டீச்சர்களும் மூன்றாம் முறையோடு வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். இடமாற்றம் கிடைக்க வருஷக் கணக்காகும். வேலையை விடுவதைத் தவிர வழியில்லை.

அபூ தய்சீரின் வீட்டுக்கே போனாள். முன்கூடத்தில் நாலு வாடிக்கையாளர்கள். கசப்புக் காப்பி வந்தது. அவள் கோப்பையை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தாள். அந்த ஊர் வழக்கத்தில், ஒன்றைக் கேட்டு வந்த விருந்தாளி அது கிடைக்கும்வரை காப்பியைக் குடிக்கமாட்டார். குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்காரருக்குத்தான் அவமானம்.

“டீச்சர், இது பொண்ணு கேட்டு வர்ற ஆம்பளைங்க செய்யற வேலை” என்றார் அபூ தய்சீர்.

“தெரியும். நான் பேட்டரி கேட்டு வந்திருக்கேன்.”

அவர் கோப்பையைப் பார்த்தார். அந்த நாலு பேரும் அதையேதான் பார்த்தார்கள்.

“சரி, கேட்டது கெடைச்சுது. குடிங்க.”

அப்படிச் சொன்ன பிறகு குடிக்காமல் இருக்க முடியாது. ஆறிப்போயிருந்தது. குடித்தாள்.

பொய் சொன்னவன் வாயிலிருந்தே வாக்கு வாங்கி வந்தாயா என்று பள்ளிக்கூடமே சிரித்தது. அவளுக்கோ அழுகையாக வந்தது.

காப்பி குடித்த பத்தாம் நாள் அபூ தய்சீர் காரை எடுத்து வரச் சொன்னார். கொண்டுபோய் விட்டாள். மறுநாள் போனபோது பதினோரு கோடு எரிந்தது. பக்கத்தில் அவரும், கையில் சாவியோடு அவர் மனைவி உம்மு தய்சீரும்.

“இதுவும் ஒரு வாரத்துக்குத்தானா?” என்றாள் மைசூன்.

“இல்ல” என்றாள் உம்மு தய்சீர். “ரெண்டு வருஷமா நான் ஓட்டுன பேட்டரி, எனக்குத் தெரியாதா? உங்களது இப்ப என் வண்டியில இருக்கு.” அபூ தய்சீர் டயரைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். அவள் சாவியை நீட்டினாள். “வாக்கு அவரோடது, டீச்சர். பேட்டரி என்னோடது.”