ரெஹானாவின் அத்தா வீட்டிலிருந்த நாட்கள்

தோலோடு அவித்த வேர்க்கடலைக்கு ஒரு வாசனை உண்டு. மண்ணும் உப்பும் மழைத்தண்ணீரும் கலந்தது போல இருக்கும். எங்கள் ஊரில் அதை ‘மல்லாட்டை’ என்போம். அந்த ஒரு வருஷம், நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் வெளியே வரும்போது, எதிரே பூவரச மரத்தடியில் ஜாபர் மாமா ஒரு மஞ்சள் பையில் அதை வைத்துக்கொண்டு நின்றிருப்பார். பை இன்னும் சூடாக இருக்கும். முதல் கை அவர் மகள் ரெஹானாவுக்கு, அடுத்த கை எனக்கு. அளவில் வித்தியாசம் பார்க்காத மனிதர் அவர். என்றாலும் எனக்கு வந்தது இரண்டாவதாக அள்ளியது என்கிற நினைப்பிலேயே அந்தக் கடலை எனக்குப் பாதி கசந்துவிடும்.

முத்தியால்பேட்டையில் ஒரே வீட்டில் நாங்கள் மாடியிலும் அவர்கள் கீழேயும் குடியிருந்தோம். வீட்டுக்காரர் ஒரு ‘சொல்தா’. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷனில் வாழ்பவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். தெருவில் எல்லோருக்கும் அவர்மேல் ஒரு கண் இருந்தது. “உலகமே கவுந்தாலும் சொல்தா வூட்டுல மட்டும் ஒண்ணாந்தேதி பொறந்துடும்” என்று அம்மா சொல்வாள்.

அப்பாவும் ஜாபர் மாமாவும் சேதராப்பட்டில், கார்களுக்கான இரும்புப் பாகங்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில், அடுத்தடுத்த மெஷினில் வேலை பார்த்தார்கள். விடிகாலையில் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போது இருவரும் வெளிர்நீல யூனிபார்மில் சேர்ந்து நடந்துபோவார்கள். மாலையில் ஏதோ ஒரு பழைய வாக்குவாதத்தைத் தொடர்ந்தபடி சேர்ந்தே திரும்புவார்கள். ஜாபர் மாமாவின் மனைவி மெஹர் அத்தை அரசாங்கப் பால்வாடியில் ‘வவுச்சர்’ வேலையில் இருந்தார். நிரந்தரமில்லாமல், அவ்வப்போது வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சம்பளம் கொடுக்கும் வேலைக்கு அந்தப் பெயர். என்றைக்காவது நிரந்தரமாக்குவார்கள் என்று அத்தை காத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் காத்திருந்தார்கள்.

இரண்டாயிரத்து எட்டு முடிகிற சமயம். அமெரிக்காவில் பேங்க் விழுந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். விழுவதற்கு அது என்ன குட்டிச்சுவரா என்று நானும் ரெஹானாவும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அது விழுந்த சத்தம் எங்கள் தெருவுக்கு வந்துசேரக் கொஞ்ச காலம் பிடித்தது. முதலில் ஓவர்டைம் போயிற்று. பிறகு சனிக்கிழமையும் விடுமுறை ஆயிற்று. எங்களுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. பிறகு ஆட்களை நிறுத்த ஆரம்பித்தார்கள். ஒரு நாள் மாலை அப்பா மட்டும் தனியாகத் தெருவில் நடந்து வந்தார். ஜாபர் மாமா மதியமே வந்து, யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் கீழ் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அப்பா அவரைத் தாண்டித்தான் மாடிக்கு ஏற வேண்டும். ஏறினார்.

அதே பருவத்தில் அத்தையின் வேலையும் போயிற்று. “பட்ஜெட்டுல பணம் இல்லியாம். வவுச்சர் ஆளுங்கள்லாம் அடுத்த வருசம் வாங்கன்னுட்டாங்க” என்று அம்மாவிடம் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. சாரும் வவுச்சர்தான் என்பது அவர் வராமல் போன பிறகே எங்களுக்குத் தெரிந்தது. விளையாட்டுப் பீரியடில் வாய்ப்பாடு எழுதச் சொன்னார்கள்.

மெஹர் அத்தை ஒரு துணிக்கடையில், காலையில் போய் இருட்டிய பிறகு திரும்பும் வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ஜாபர் மாமா வேலை தேடி பக்கத்திலிருந்த மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை முழுக்க ஏறி இறங்கினார். எங்கே போனாலும் அங்கேயும் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் இருந்தார். என் பொறாமையின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஏனென்றால் வீட்டில் இருந்த ஜாபர் மாமாவைப் போல ஒரு அப்பாவை நான் அதுவரை பார்த்ததில்லை. காலையில் ரெஹானாவின் பாவாடையைக் கத்தி மடிப்பாக இஸ்திரி போட்டார். மிஞ்சிய சோற்றில் முட்டை உடைத்து ஊற்றி, மிளகு தூவிக் கிளறி டப்பாவில் வைத்துக் கொடுத்தார். தலை பின்னக்கூடக் கற்றுக்கொண்டார். முதல் வாரம் கோணலாக இருந்த சடை, ஒரு மாதத்தில் எங்கள் வகுப்பிலேயே திருத்தமான சடையாகிவிட்டது. “அத்தா பின்னி விட்டாரு” என்று அவள் தலையைத் திருப்பிக் காட்டும்போது, அந்தச் சடையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று என் கை துடிக்கும். ஒரு முறை இழுத்தும்விட்டேன். அவள் அழுதாள். அழுகையை நிறுத்தவும் அவள் அத்தாதான் வந்தார்.

சாயங்காலம் எங்களை அவர் ‘பெத்தாங்’ ஆடும் இடத்துக்குக் கூட்டிப் போவார். வெள்ளைக்காரன் விட்டுப்போன விளையாட்டு அது: ஒரு சின்ன மரக்குண்டை மண்ணில் எறிந்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி இரும்புக் குண்டுகளை வீச வேண்டும். சொல்தாவிடம் இருந்த பழைய குண்டுகளைக் கேட்டு வாங்கி, மாமா ரெஹானாவுக்கு வீசக் கற்றுக்கொடுத்தார். மணிக்கட்டை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த நேரத்தில் விரலை விட வேண்டும் என்று அவள் கையைத் தன் கைக்குள் வைத்துச் சொல்லித்தந்தார். என்னையும் கூப்பிடுவார். நான் வரமாட்டேன் என்பேன். எனக்கு அந்த விளையாட்டு வேண்டியிருக்கவில்லை. என் கையைப் பிடித்துச் சொல்லித்தர எனக்கென்று ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். வேலையை விட்டு நிறுத்தியது போக மிஞ்சியவர்கள் ஆளுக்கு இரண்டு மெஷின் பார்க்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஷிப்டும் மாறி மாறி வந்தது. அப்பா வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், படுப்பார். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிடுவார். “சத்தம் போடாத, அப்பா தூங்குறாரு” என்பதே அந்த வருஷம் அம்மா என்னிடம் அதிகம் சொன்ன வாக்கியமாக இருக்கும். வேலைக்குப் போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி, தெருவுக்குப் போன பிறகே காலில் போட்டுக்கொள்வார். கீழ் வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்கிற நாகரிகம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மாவும் அப்பாவின் யூனிபார்மைக் கீழே முற்றத்துக் கொடியில் உலர்த்துவதை விட்டுவிட்டு, அடுக்களையில் கயிறு கட்டி உலர்த்தினாள். சோறு பொங்கும் ஆவியில் அது சரியாகக் காயவே காயாது. ஒரு நாள் அப்படி அவள் சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னேன்: “அம்மா, அப்பாவையும் வேலைய வுட்டு நிறுத்திட்டா நல்லாருக்கும் இல்ல.”

அம்மா அடிக்கவில்லை. சோப்புக் கையால் என் வாயைப் பொத்தினாள். “அடுத்த வூட்டு அடுப்பையே எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தா நம்ம வூட்டு சோறு அடிப்பிடிச்சிடும், தெரிஞ்சிக்கோ” என்றாள். திரும்பிப் பார்த்தால், அறை வாசலில் அப்பா விழித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“ஏன் பாப்பா அப்பிடிச் சொன்ன?” என்று கேட்டார்.

“வேல இல்லன்னா நீயும் ஸ்கூலுக்கு வருவ இல்ல, ரெஹானா அத்தா மாதிரி.”

அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம், கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போன பிறகும் அப்பா பாயிலேயே இருந்தார். “லீவு சொல்லிட்டேன்” என்றார். அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். “இந்த நேரத்துல போயி லீவு போடுவாங்களா? அடுத்து யார நிறுத்தலாம்னு பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு நீதான சொன்ன?” அப்பா கையை மட்டும் அசைத்தார்.

அன்று நாலு மணிக்குப் பூவரச மரத்தடியில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மரத்தின் இந்தப் பக்கம் ஜாபர் மாமா, அந்தப் பக்கம் அப்பா. நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் நிற்கிற அளவுக்கு இடம். நான் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மெஷின் எண்ணெய் ஏறிக் கறுத்த நகக்கண்களும் காப்புக் காய்த்த உள்ளங்கையுமாக அது எனக்கே புதிய கையாக இருந்தது. ரெஹானாவைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்துக்கொள் என்பது போல.

நால்வரும் பெத்தாங் ஆடும் இடத்துக்குப் போனோம். இன்றைக்கு நான் விளையாடுவேன், அப்பா சொல்லித்தருவார் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே போனேன். அப்பா ஓரத்தில் இடிந்த மதிலில் உட்கார்ந்தார். நான் குண்டை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டிருந்தார். எழுப்பப் போனேன். ஜாபர் மாமா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். இரும்புக் குண்டுகள் மோதும் சத்தம் கேட்காத தூரத்துக்கு ஆட்டத்தையே மறுகோடிக்கு மாற்றினார். அன்று என் மணிக்கட்டைப் பிடித்து வீசக் கற்றுத்தந்தது அவர்தான்.

வெளிச்சம் மங்கிய பிறகே அப்பா கண் விழித்தார். ஜாபர் மாமா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நல்லா தூங்கினியா முருகா.”

“கொஞ்ச நேரம் கண்ண மூடினேன்.”

“பொழுதே போயிடுச்சிய்யா.”

பிறகு அப்பா, “உன் மெஷினையும் நாந்தான் ஓட்டுறேன் ஜாபர்” என்றார்.

“தெரியும்.”

“கூப்டுக் கேட்டாங்க. முடியாதுன்னு சொல்லியிருந்தா...”

“ரெண்டு பேரும் வூட்ல இருந்திருப்போம். நானா இருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்.” மாமா கையிலிருந்த குண்டைச் சட்டையில் துடைத்தார். “ஆனா ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சிக்காத. காலைல அந்த பஸ்ஸு ஹாரன் அடிக்கும்போது எனக்கு வயிறு எரியும். கம்பெனி மேல இல்ல, உன் மேல. தலகாணிய எடுத்துக் காதுல அழுத்திப்பேன்.”

அப்பா தலையாட்டினார். பிறகு சொன்னார்: “எனக்கு சாயந்தரம் எரியும். இதுங்க ரெண்டையும் நீ கூட்டிக்கிட்டு வர்ற சத்தம் கேக்கும். எம் பொண்ணு உங்கிட்ட சிரிச்சிப் பேசுறது கேக்கும். எழுந்து வரலாம்னு பாப்பேன், ஒடம்பு வராது.”

பெரியவர்களுக்கும் வயிறு எரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற ரெஹானா என் காதோரம் வந்து, “உங்கப்பா யூனிபார்ம் கொடில காஞ்சா எங்கம்மா அதையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. இப்பல்லாம் ஏன் காணோம்?” என்று கேட்டாள். அது எங்கே காய்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அப்பா செருப்பைக் காலில் போட்டுக்கொண்டே படியிறங்கினார். லீவு போட்டதற்காக அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு நாளோடு சரி. பிறகு அவர் பள்ளிக்கூடப் பக்கம் வரவும் இல்லை.

அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு கம்பெனிக்கு மறுபடி ஆர்டர்கள் வந்தன. ஜாபர் மாமாவைக் கூப்பிட்டார்கள். கான்ட்ராக்டர் மூலமாக, குறைந்த சம்பளத்துக்கு, நீலச் சட்டைக்குப் பதிலாகச் சாம்பல் சட்டை போட்டுக்கொண்டு, அவர் முன்பு ஓட்டிய அதே மெஷினுக்கு. அவர் யோசிக்காமல் சரி என்றார். அம்மா கேசரி கிளறிக் கீழே எடுத்துப் போனாள். மெஹர் அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, ரெஹானா மட்டும் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

“சந்தோசத்துல அழுவுறா” என்றார் அத்தை.

எனக்குத் தெரியும், அது சந்தோஷம் இல்லை. அந்த வீட்டில் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான்தான். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனிமேல் இருவரும் ஒன்று என்று மனத்தின் ஒரு மூலை திருப்திப்பட்டதையும் மறைக்கப்போவதில்லை. மறுநாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் நாங்களாகவே வீட்டுக்கு நடந்து வந்தோம். அவள் சடை மறுபடி கோணலாயிற்று.

இப்போது முத்தியால்பேட்டையில் அந்த வீடு இல்லை. சொல்தா இறந்த பிறகு பாரீசிலிருந்து அவர் பிள்ளை வந்து விற்றுவிட்டுப் போனார். அங்கே அடுக்குமாடி எழும்பிவிட்டது. சேதராப்பட்டுக் கம்பெனியும் இன்னொரு தொழில் மந்தத்தில் மூடிப்போய், அந்தக் கொட்டகை யாருக்கோ குடோனாக இருக்கிறது. பெத்தாங் ஆடிய இடத்தில் சுற்றுலா வண்டிகள் நிற்கின்றன. அப்பா, கம்பெனி மூடிய பிறகு வேறொரு கம்பெனியில், அதற்குப் பிறகு காவலாளியாக, உடம்பு விடுகிறவரை ஷிப்டு பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

ரெஹானா வில்லியனூரில் இருக்கிறாள். ஊருக்குப் போனால் அவளைப் பார்க்காமல் வருவதில்லை. பேச்சு எப்படியோ அந்த வருஷத்துக்குப் போய்விடும். அத்தா முதன்முதலில் பின்னிய சடை, அத்தா கருகவிட்ட தோசை, அத்தா செய்த வேடிக்கை என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். ஜாபர் மாமா உள்ளறையிலிருந்து, “அதெல்லாம் இன்னும் மறக்கலியா நீ” என்று குரல் கொடுப்பார். அவர்கள் வீட்டில் அந்தக் காலத்தில் மூன்று பேருக்கு ஒரு முட்டை என்பதும் அவள் இப்போது சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரிந்தும் பொறாமை குறையவில்லை. அவளுக்குச் சொல்லித் தீராத ஒரு வருஷம் இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரே ஒரு சாயங்காலம். அதிலும் அப்பா பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கிறார்.