குளிர்ந்த எஞ்சினைப் பார்க்கப் போன கதை

கார் பட்டறைத் தொழிலில் ஒரு சாபம் உண்டு: வீட்டில் மக்கர் பண்ணும் வண்டி, நம் முன்னால் வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். பல் டாக்டர் வாசலில் பல்வலி நின்றுபோன அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, அதே கதைதான்.

மலாக்காவில் ஏது குளிர்?

வசந்தா அக்கா மலேசியாவில், மலாக்கா பக்கம் புலாவ் செபாங் ஊரில் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வேன் நடுங்கி அணைந்துவிடும். இன்னொரு தடவை தாமதமானால் வேறு வேன் பார்த்துக்கொள்வதாகப் பெற்றோர் சொல்லிவிட்டார்கள். ஆனால் புக்கிட் காத்திலில் என் பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் எஞ்சின் சூடாகி, எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர் முள் எண்ணூறில் அசையாமல் நிற்கும்.

இரவெல்லாம் நின்ற எஞ்சினுக்கு முதல் சில நிமிடங்கள் காற்றும் பெட்ரோலும் கூடுதலாக வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரே சூடு பார்த்துக் கொடுக்கும். முள் ஆயிரத்து ஐநூறுக்கு ஏறி, சூடாக ஆக இறங்கும். அந்த முதல் நிமிடத்தை நான் பார்த்தாக வேண்டும். "குளிர்ந்து கிடக்கும்போது பார்க்கணும்க்கா" என்றேன். அக்கா வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"மலாக்காவுல ஏது தம்பி குளிரு? நான் ஃபேன் இல்லாம தூங்குனதே இல்லலா!"

உபசாரம்

வேனை என்னிடம் விட்டுப்போனால் மறுநாள் பிள்ளைகளை யார் ஏற்றுவது? வெள்ளிக்கிழமை விடியுமுன் நானே கிளம்பிப் போனேன். வாசலில் வேன் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கையில் கோப்பியோடு அக்காவின் கணவர். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீங்க வந்து காத்திருக்க வேணாமேன்னு, எண்ணெ பெடல மிதிச்சு மிதிச்சு சூடு பண்ணி வச்சிட்டேன் தம்பி. கோப்பி குடிங்க!"

திங்கட்கிழமை

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. யாரும் சாவியைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்துவிட்டு மறுபடி போனேன். அக்கா ஸ்டார்ட் செய்தார். முள் ஏறாமல் தள்ளாடியது, வேன் அணைந்தது. சந்தோஷத்தில் நான் கைதட்டிவிட்டேன். அக்கா முறைத்தார்.

மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் அணைகிறது என்றால், மிதிக்காதபோது காற்று போகும் சின்ன வழியில்தான் அடைப்பு. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரே கரி. கம்ப்யூட்டர் பாவம், காற்றைத் திறந்துவிட்டுத்தான் இருக்கிறது, போக வழியில்லை. சுத்தம் செய்து மாட்டினேன். ஆனாலும் வேன் ராத்திரியெல்லாம் நின்று, பிள்ளைகளோடு கிளம்பினால்தானே நிச்சயம்? திங்கட்கிழமை காலை போன் அடித்தபோது பயந்துகொண்டேதான் எடுத்தேன்.

"தம்பி, ஸ்கூல் கேட்டையே இன்னும் தொறக்கல, நாங்க வந்து நிக்கிறோம்லா!"

இந்தத் தொழிலில் பழுதைச் சரிசெய்வது அரை நாள் வேலை. அதை நேரில் சந்திக்க அப்பாயின்ட்மென்ட் வாங்குவதுதான் பெரும்பாடு.