சித்தியின் கட்டைவிரல்

இது சத்தியமாக நடந்த கதை. கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன், என் வாய் அப்படி.

என் சித்தி கேன்டீனில் மலைமலையாக அண்டா தேய்ப்பவள். சோடாத்தூள் அவள் விரல் ரேகையையே தின்றுவிட்டது. கட்டைவிரலை வைத்தும் வருகை மெஷின் ஏற்கவில்லை. வேலை செய்த மூன்று நாளும் ஆப்சென்ட். நாளையும் விழுந்தால் வேலை போச்சு.

டாக்டரிடம் ஓடினாள்.

"மேல்தோல்தாம்மா தேஞ்சிருக்கு. ஒரு மாசம் கைய ஆறவிடு, ரேகை அடியிலேருந்து முளைச்சு வரும்."

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டாள்.

"தாராளமா. மெஷின்ல விரல வச்சுப் பதிவு பண்ணிட்டுப் போ."

"அட மூதேவி, ரேகை இருந்தா நான் ஏன்டா லீவு கேக்கறேன்?"

சித்தி மெஷினைப் பிடுங்கினாள். சுவரும் கூடவே வந்தது.

"புளுகாதடா. கையுறை போடாதது அவ தப்பு" என்றார் என் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த மாமா.

"குடுத்தானாய்யா எவனாவது?" என்று பக்கத்தில் இருந்த அக்கா பாய்ந்தாள்.

மாமாவும் வேட்டியை மடித்துக்கட்டினார்.