தொய்வு வருத்தம்

என் அம்மா பாக்கியலட்சுமி சிங்கப்பூர் தேக்கா சந்தையில் அம்மி போட்டு மசாலா அரைத்து விற்றார். யார் வீட்டில் இன்று என்ன குழம்பு என்பது அவருக்கு அத்துப்படி. என் நெஞ்சுக்குள் கேட்கும் சத்தம் என்ன என்பதுதான் வெகுநாள் பிடிபடவில்லை.

அது 1958. எனக்கு ஒன்பது வயது. பஃபலோ ரோட்டில் மாடியறையில் குடியிருந்தோம். படியேறினால் போதும், நெஞ்சுக்குள் பூனை கத்தும். சளி என்றார் அம்மா. சளி என்றால் மூக்கு ஒழுக வேண்டுமே? எனக்கு ஒழுகாது. அதிலேயே அவருக்குப் பாதிக் குழப்பம். பள்ளியில் ஓடச் சொன்னால் நான் பாதியில் உட்கார்ந்துவிடுவேன். "சரஸ்வதி சோம்பேறி" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அம்மா என்னை டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் வெள்ளைக்காரர். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னவர் அங்கே மருந்து கொடுக்கும் தில்லையம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளைக்குத் தொய்வு வருத்தம். இந்தக் குளிசையைக் குடுங்கோ. முடிஞ்சா வாங்கோ."

வெளியே வந்ததும் அம்மா விழித்தார்.

"நீ தொய்வா இருக்கியாம். அதுல அவருக்கு வருத்தமாம். நல்ல மனுசன்தான். ஆனா சோம்பலுக்கு எதுக்குடி மாத்திரை?"

மாத்திரை போட்டதும் பூனை அடங்கியது. "பாத்தியா, சுறுசுறுப்பு வந்துருச்சு!" என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. மாத்திரை தீர்ந்தது, பூனை திரும்பி வந்தது. முடிந்தால் வரச் சொன்னாரே தவிர, கட்டாயம் வரச் சொல்லவில்லையே. அம்மியை விட்டு வர அம்மாவுக்கு எங்கே முடிந்தது? தாமே வைத்தியம் தொடங்கினார். பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும் ரோச்சோர் கால்வாய் ஓரமாக என்னை ஓடவிட்டார்.

"ஓடு லா, தொய்வு போகட்டும்!"

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஓட ஆசைதான், மூச்சுதான் வரவில்லை. மூச்சு வராததற்குப் பெயர்தான் சோம்பலோ என்று நானே நம்பிவிட்டேன். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஒரு வருடம் கழித்து, ஒரு காலையில் கால்வாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழவில்லை. உதடு நீலமாகிவிட்டதாம். பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த குணவதி டீச்சர் பதறி வந்தார். அவரும் யாழ்ப்பாணம்.

"எத்தனை நாளாத் தொய்வு?"

"ஒரு வருசமா டீச்சர். அதான் ஓட விடுறேன்."

"தொய்வுள்ள பிள்ளையை ஓட விடுறீங்களோ? மூச்சு முட்டுற வருத்தமெல்லோ அது! ஆஸ்துமா!"

"தொய்வுன்னா... சோம்பல் இல்லையா?"

டீச்சர் ஒரு திரிஷா சைக்கிள் ரிக்ஷாவை நிறுத்தினார். அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம். என்னைத் தாங்கிப் பிடித்தபடி டீச்சர் ஏறிக்கொண்டார். அம்மா, மஞ்சள் ஏறிய கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டிஸ்பென்சரி வரை பின்னாலேயே ஓடி வந்தார்.

தில்லையம்பலம் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஏனம்மா, குளிசை முடிஞ்ச பிறகு வரேல்லை?"

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத்தான் பேச முடிந்தது.

"நீங்க... மூச்சுன்னு... சொல்லலையே... ஐயா."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.