வயிறு சரியான ஆள் மட்டும் வரலாம்

அமெரிக்காவிலிருந்து என் மகள் எங்களுக்குப் போட்ட முதல் உத்தரவு, பல்லைச் சரிபார்த்துக்கொண்டு வரவேண்டும் என்பது. அடுத்தது கண். அதற்கடுத்தது, இரண்டு பேரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தை மாதம் அவளுக்குத் தலைப்பிரசவம். மார்கழி நடுவில் நானும் என் கணவரும் கிளம்பிப்போய் ஆறு மாதம் கூட இருப்பதாக ஏற்பாடு. டிக்கெட் வாங்கிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தால் இல்லை, சந்தோஷத்தால்.

"இங்க வந்து பல் வலிக்கறதுன்னு மட்டும் சொல்லிடாதேங்கோ. ஒரு பல்லை அடைக்கிற காசுல அங்க ஆத்துக்கே வெள்ளையடிச்சுடலாம். எது பண்றதா இருந்தாலும் அங்கேயே முடிச்சுண்டு வாங்கோ" என்றாள்.

கார்த்திகை முழுக்க எங்களுக்கு இதுதான் வேலை. ஊரெல்லாம் பட்டுப்புடவைக்கு தி. நகர் போனால் நாங்கள் பல்லுக்குப் போனோம். பாண்டி பஜாரில் ஒரு மாடியில் இருந்த அந்தப் பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் எங்களைப் போலத்தான். பக்கத்தில் உட்காருகிறவர் எந்தப் பல் என்று கேட்பதில்லை, "எப்போ ஃப்ளைட்?" என்றுதான் கேட்கிறார். மயிலாப்பூரில் கண்ணைக் காட்டி ஆளுக்கு இரண்டு மூக்குக்கண்ணாடி வாங்கினோம், ஒன்று உடைந்தால் அங்கே போய் வாங்கக் கட்டுப்படியாகாது என்று. ஆறு மாதத்துக்கான பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒரு பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டன. மீதிப் பாதியில்தான் பிரசவ மருந்துச் சாமான்.

என் கணவர் பாங்க்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பயணம் என்றால் எல்லாம் அவர் பொறுப்பு. நான் தி. நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரு வகுப்பையே ஒரு பார்வையில் வாயை மூட வைப்பேன். ஆனால் அவரோடு ஸ்டேஷனுக்கோ ஏர்போர்ட்டுக்கோ போனால் நானும் இன்னொரு பெட்டிதான். 'இங்கே நில்' என்றால் நிற்பேன், 'வா' என்றால் போவேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் சீசன் வந்தது. கச்சேரிக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு சபா கேன்டீனுக்குப் போகிறவர் என் கணவர். ஊர் முழுக்க இருமலும் வயிற்றுப்போக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது, இந்த வருஷம் மட்டும் கூட்டத்துக்குள் போகவேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். போனார். விமானம் ஏற ஒரு வாரம்கூட இல்லாத ஒரு காலையில் பாத்ரூம் கதவு மூடியது மூடியபடியே இருந்தது. வெளியே வந்தவர் ஆட்டோவில் வரும்போது அடித்த பனிக்காற்றைக் குற்றம் சொன்னார், கேன்டீன் வடையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மந்தைவெளியில் இருக்கும் எங்கள் டாக்டரிடம் அழைத்துப்போனேன். என் மகளுக்குப் பால் பல் விழுந்த காலத்திலிருந்து எங்களைப் பார்க்கிறவர். சின்ன அறை, வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம், பாதி ஜுரம், பாதி வயிறு. இவருடைய வயிற்றை நாலு இடத்தில் அமுக்கிப் பார்த்தார்.

"வைரஸ். ஊர் பூரா இருக்கு. உப்புச் சர்க்கரைப் பவுடரைத் தண்ணில கலந்து குடிச்சுண்டே இருங்கோ. மோர்க் கஞ்சி சாப்பிடுங்கோ. ரெண்டு மூணு நாள்ல தானாப் போயிடும்" என்றார். ஊசி கிடையாது, டெஸ்ட் கிடையாது. ஃபீஸ் இருநூறு ரூபாய்.

"எனக்கும் வருமா டாக்டர்?" என்றேன்.

"ஆத்துல ஒரே பாத்ரூமா?"

"ஆமாம்."

"அப்ப வரலாம்" என்றார், மழை வரலாம் என்பது போல. அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை.

அன்று மாலை மகளிடம் மறைக்கத்தான் நினைத்தோம். வீடியோவில் அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய ஊரிலும் குளிர்காலத்து வயிற்று நோய் ஆபீஸ் ஆபீஸாகப் பரவிக்கொண்டிருந்தது. அந்த மாதத்தில் அவளுக்கு அது ஒட்டிக்கொண்டால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான். அங்கே இன்ஷூரன்ஸ் இருந்தாலும் முதலில் ஒரு பெரிய தொகை கைக்காசு கொடுத்தாக வேண்டும், அதற்குப் பிறகுதான் அவர்கள் கையைப் பையில் விடுவார்கள். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் இதைக் கொண்டுவருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"சொல்றதுக்குக் கஷ்டமா இருக்கும்மா. வயிறு சரியா இருக்கிற ஆள் மட்டும் வாங்கோ" என்று சொல்லிவிட்டு அழுதாள். சட்டென்று அழுகிற பெண் இல்லை அவள். மாப்பிள்ளைக்கோ லீவு இல்லை, ஆள் வைத்துக்கொள்ள அந்த ஊரில் கட்டுப்படியாகாது. நான் போகாவிட்டால் அவளுக்கு யாருமே இல்லை. மறுநாள் காலை ஒரு பையில் நாலு புடவையை எடுத்து வைத்துக்கொண்டு அடையாறில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குக் கிளம்பினேன்.

"எங்க கிளம்பிண்டிருக்கே?" என்றார் கட்டிலில் படுத்திருந்தவர்.

"தங்கை ஆத்துக்கு. ஃப்ளைட் வரைக்கும் அங்கதான் இருக்கப்போறேன். ஃபிளாஸ்க்ல கஞ்சி இருக்கு. இளநீர் கொண்டுவந்து கொடுக்க வாட்ச்மேன்கிட்ட சொல்லியிருக்கேன்."

அவர் என்னையே பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் படுத்திருக்கும்போது நான் கடைக்குக்கூடப் போனதில்லை. எதிர் ஃபிளாட் மாமி வாசலில் நின்றுகொண்டு, "ஆம்படையான் துவண்டு கிடக்கார், நீ என்னமோ ஜாம்ஜாம்னு கிளம்பிட்டியே" என்றாள். "நீங்க வேணா வந்து கஞ்சி வெச்சுக் கொடுங்கோ மாமி, புண்ணியமாப் போகும்" என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

ஆட்டோவில் ஏறியதும் டிரைவரிடம் கை கழுவுகிற திரவம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் நொச்சிக்குப்பத்துக்காரர். "இன்னாமா, வவுத்தாலப் போறதுக்குப் பயந்துகினு கீறியா? எங்க குப்பத்துல பாதிப் பேருக்கு இதான். எம் பொண்ணுக்கும் வந்துச்சு. கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரில ஒரு பைசா வாங்கல, பவுடரு குட்த்தாங்கோ, மூணாம் நாளு ஸ்கூலுக்குப் பூடுச்சு" என்றார். அவர் சொன்ன பவுடர்தான் இருநூறு ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கியதும். கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடையாறு போய் ஒரு மணி நேரத்துக்குள் கணவரிடமிருந்து ஃபோன். "என்னை யாரும் பார்த்துக்க வேண்டாம். கார்டு இருக்கு. நான் போய் அட்மிட் ஆகிக்கறேன்."

இந்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கார்டு எங்கள் வீட்டில் ஒரு தீராத வியாதி. வருஷா வருஷம் பென்ஷனிலிருந்து அதற்குப் பணம் பிடிப்பார்கள். அட்மிட் ஆகி ஒரு நாளாவது படுத்திருந்தால்தான் அதில் காசு கிடைக்கும். எங்களுக்கு அப்படி ஒன்றும் வந்ததே இல்லை, அது அவருக்கு மனசுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். "டாக்டர்தான் தானாப் போயிடும்னாரே" என்றேன். "டிரிப்ஸ் ஏத்தினா சீக்கிரம் தேறிடும். ஃப்ளைட் இருக்கில்லையா? நமக்குச் செலவும் இல்லை" என்றார். அடையாறிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அங்கிருந்து அவர் ஃபோனில் பேசியதைக் கேட்டால் ஊட்டிக்குப் போன மாதிரி இருந்தது. ஏசி ரூம். சுவர் முழுக்க டிவி. என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போக ஒரு பெண். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், எல்லாம் கார்டிலேயே போகிறது. "கஞ்சிகூட டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த கஞ்சியாக்கும்" என்றார். எப்படி இருக்கிறது என்றேன். "உப்பில்லை" என்றார்.

நான் இங்கே தங்கை வீட்டு சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கரைத்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் கடமுடா என்று சத்தம் கேட்டால் அப்படியே உறைந்துபோய் நிற்பேன். "அது பசிடீ, சாப்பிடு" என்று தங்கை தட்டை வைப்பாள்.

மூன்றாம் நாள் அவருக்குச் சுத்தமாகச் சரியாகிவிட்டது. மந்தைவெளி டாக்டர் சொன்ன அதே மூன்றாம் நாள்தான். இன்ஷூரன்ஸ்காரர்களின் சம்மதத்துக்காக மாலை வரை காக்கவைத்துவிட்டு டிஸ்சார்ஜ் செய்தார்கள். கார்டில் அடங்காது என்று கையுறை, பஞ்சு, கஞ்சி எல்லாவற்றுக்கும் தனியாகக் காசு வாங்கிவிட்டார்கள். கஞ்சி மட்டுமே எங்கள் டாக்டரின் ஃபீஸைத் தாண்டியிருந்தது. வரி வரியாகப் படித்துக்காட்டிக் கொதித்தவர், கடைசியில் குரல் இறங்கிச் சொன்னார்:

"ஈசிஜில ஏதோ சின்ன மாறுதலாம். பயப்பட ஒண்ணும் இல்லையாம். பத்து நாள் கழிச்சு மறுபடி வந்து காட்டச் சொல்லியிருக்கா."

விமானம் அதற்கு முன்னாலேயே கிளம்பிவிடும்.

மந்தைவெளி டாக்டரை ஃபோனில் பிடித்தேன். உடம்பில் உப்பு குறைந்தால் அப்படிக் காட்டுவது உண்டு, அநேகமாக ஒன்றும் இருக்காது, ஆனாலும் இந்தச் சந்தேகத்தோடு அவரை விமானம் ஏற்றாதீர்கள் என்றார். மகளோ ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். "அப்பா இப்போ வரவேண்டாம். இங்க நெஞ்சைப் பிடிச்சுண்டு உட்கார்ந்தா ஆம்புலன்ஸ்ல ஏத்தவே எங்க சம்பளம் போயிடும். இது முன்னாடியே இருந்ததுன்னு சொல்லி டிராவல் இன்ஷூரன்ஸ்காரன் ஒரு டாலர் தரமாட்டான்." ஓசி டிரிப்ஸுக்கு ஆசைப்பட்டுப் போனவர் பேரக்குழந்தையைப் பார்க்கிற டிக்கெட்டைக் கோட்டைவிட்டார். ஆத்திரம் தாங்காமல் ஃபோனிலேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டேன்.

கேட்டு முடித்து, "அப்ப நீயும் தள்ளிப் போட்டுடு. பிப்ரவரில ரெண்டு பேருமாப் போகலாம்" என்றார். அதுதான் நியாயம் என்றாள் தங்கை. எதிர் ஃபிளாட் மாமியும் ஃபோன் போட்டு அதையே சொன்னாள். பிப்ரவரிக்குள் குழந்தை பிறந்து பேர் வைத்தும் ஆகியிருக்கும்.

என் வயிறு ஒரு குறையும் இல்லாமல் கல்லுப் போல இருந்தது. "நான் போறேன்" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்ட அடி இருக்கிறதே, பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போன நாளில்கூட எனக்கு அப்படி அடித்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரே குதூகலமாக இருந்தது. கட்டிய கணவருக்கு ஈசிஜி சரியில்லை, எனக்குக் குதூகலம். யார் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். விமானம் எங்கே மாறவேண்டும், எந்த வரிசையில் நிற்கவேண்டும், என்ன கேட்பார்கள் என்று தங்கையை உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லிப் பதில் சொல்லிப் பழகினேன். ஒத்திகை பார்ப்பது போலத் தனியாக பஸ் ஏறி தி. நகர் போனேன். மார்கழிப் பனிக்கு மங்கி குல்லாய் போட்ட நம் ஊர்க்காரர்களுக்கு நடுவில் முட்டிமோதி, அசல் பனி கொட்டுகிற ஊருக்குக் குழந்தைக் காலுறை வாங்கினேன். என் இரண்டு விரலை அதற்குள் விட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. ரங்கநாதன் தெருவில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன்.

கிளம்புகிற அன்று காலையில் என் கணவர் பெட்டிகளோடு டாக்ஸியில் வந்தார். முன் சீட்டில் மாஸ்க் போட்டுக்கொண்டு அவர், பின் சீட்டில் நான். இளைத்திருந்தார், சட்டை தொளதொளவென்று இருந்தது. மீனம்பாக்கம் போகிற வழியெல்லாம் திரும்பாமலேயே சொல்லிக்கொண்டு வந்தார், பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொள், மாத்திரைச் சீட்டைப் பெட்டியில் போடாதே, தெரியாவிட்டால் யூனிஃபாரம் போட்டவரைக் கேள் என்று. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

ஏர்போர்ட் வாசலில் டிக்கெட் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் வழி. தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கி நின்றார்.

"பயமா இருக்கா?" என்றார்.

"இல்லை."

தலையை ஆட்டினார். மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, "எனக்கு இருக்கு" என்றார். "அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினதும் அதனாலதான். கார்டு கீர்டெல்லாம் சும்மா. நீ பையை எடுத்துண்டு போனதும் ஆத்துல தனியாப் படுத்திருக்க முடியலை."

அப்படியே டாக்ஸியில் அவரோடு திரும்பிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். இதை வீட்டிலேயே சொல்லியிருந்தால் நான் அடையாறுக்கே போயிருப்பேனோ என்னவோ. வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர் தொண்டையைக் கனைத்தார்.

"உங்களுக்கு இங்க தெருவுக்கு ஒரு டாக்டர் இருக்கார். இருநூறு ரூபாய்க்குப் பக்கத்துல உட்கார்ந்து பேசுவார்" என்றேன். "அவளுக்கு அங்க நான்தான் இருக்கேன்."

"தெரியும். போ" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை நாள் தொடாமல் தள்ளி நின்றதையெல்லாம் மறந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு உள்ளே போய் முதல் வேலையாக சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன், அழுதுகொண்டே, முழங்கை வரைக்கும்.